பாபியா, பீலரா?

(இளைஞர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



காவல்துறையும் குடியாட்சியும் என்பது பற்றி உங்களிடையே பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். பெரிய பொருள் அது. சட்டப் பிரிவுகளை அடுக்கியும் பேசலாம். ஆணையங்களின் அறிக்கைகளை வரிசையாக நிறுத்தியும் பேசலாம். நான் இன்று வேறு வழியில் செல்ல விழைகிறேன். காவலரைக் குறிக்க மக்கள் வழங்கும் கொச்சைச் சொற்கள் இரண்டை எடுத்துக்கொண்டு, அவற்றின் வரலாற்றை உங்கள் முன் வைக்கப் போகிறேன். 'பாபி' என்பது ஒரு சொல்; 'பீலர்' என்பது மற்றொரு சொல்.

கொச்சைச் சொல்லுக்கு மேடையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அரசு எந்தத் துறைக்கும் எந்தப் பெயரையும் சூட்டலாம், அரசிதழில் அச்சிடலாம், பலகையில் எழுதி மாட்டலாம். ஆனால் மக்கள் தம் வாயால் சூட்டும் பெயரை எந்த அரசாலும் ஆணையிட்டுப் பெற முடியாது. தெருவில் வழங்கும் சொல் மக்கள் அளிக்கும் வாக்கு. அந்த வாக்கைப் பெட்டியில் போடுவதில்லை, எண்ணி அறிவிப்பதில்லை. ஆயினும் அது தவறாமல் பதிவாகிறது.

'பாபி', 'பீலர்' என்னும் இவ்விரு சொற்களும் ஒரே மனிதரின் பெயரிலிருந்து பிறந்தவை. அவர் ராபர்ட் பீல்; பின்னாளில் இங்கிலாந்தின் பிரதமராக இருந்தவர். ராபர்ட் என்ற பெயரை அந்நாட்டார் செல்லமாகச் சுருக்கினால் 'பாபி'. குடும்பப் பெயரான பீல் என்பதிலிருந்து வந்தது 'பீலர்'. வீட்டுப் பிள்ளையை அழைப்பதுபோல் அழைப்பது ஒன்று. அந்நியனைச் சுட்டிக் காட்டுவது மற்றொன்று. ஒரே மனிதரின் பெயர் ஓரிடத்தில் செல்லமாகவும், ஓரிடத்தில் வசையாகவும் ஆனது எங்ஙனம்? அந்தக் கேள்விக்குள் குடியாட்சியின் பாடம் ஒன்று அடங்கிக் கிடக்கிறது.

முந்திப் பிறந்தது பீலர். பிறந்த இடம் அயர்லாந்து. 1812 முதல் 1818 வரை ராபர்ட் பீல் அங்கே தலைமைச் செயலாளராக இருந்தார். அன்றைய அயர்லாந்து, வேற்றவர் ஆண்ட நாடு. நிலம் ஆங்கிலப் பிரபுக்களிடம். உழைப்பு ஐரிஷ் குடியானவனிடம். அவன் கத்தோலிக்கன், ஆனால் தன்னுடையதல்லாத புராட்டஸ்டண்ட் திருச்சபைக்கு அவன் தசமபாகம் கட்ட வேண்டும். கொதிப்பு மூண்டது. 1814இல் பீல் 'அமைதி காப்புப் படை' என ஒன்றை நிறுவினார். எந்த வட்டாரம் கலகப் பகுதி என அறிவிக்கப்படுகிறதோ, அங்கே அப்படை சென்று இறங்கும். அதற்காகும் செலவை அந்த வட்டாரத்து மக்களே ஏற்க வேண்டும்! அடிப்பவனுக்குக் கூலி, அடிபடுபவன் கொடுக்க வேண்டும்!

அந்தப் படையினனுக்கு ஐரிஷ் மக்கள் சூட்டிய பெயர்தான் பீலர். பீலின் ஆள் என்பது பொருள். ஊரைக் காக்க வந்தவன் என்றோ, சட்டத்தின் ஊழியன் என்றோ அவர்கள் கருதவில்லை. எங்கோ கோட்டையில் அமர்ந்திருக்கும் ஒருவரின் ஏவலன் என்றே கண்டார்கள். பீலையும் அவர்கள் விட்டு வைக்கவில்லை. அயர்லாந்தின் மக்கள் தலைவர் டேனியல் ஓகானல் அவருக்கு 'ஆரஞ்சுத் தோல்' என்று பட்டம் கட்டினார். பீல் என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தோல் என்றும் பொருள்; ஆரஞ்சு என்பது அங்கே புராட்டஸ்டண்ட் ஆதிக்கக் கட்சியின் அடையாளம்.

பிறகு அந்தப் படை வளர்ந்தது. 1836இல் அயர்லாந்து முழுவதற்கும் ஒரே கான்ஸ்டாபுலரி ஆயிற்று. துப்பாக்கி ஏந்தியது, படைவீடுகளில் தங்கியது, பிறந்த மாவட்டத்தில் ஒருவனுக்குப் பணி தரலாகாது என விதி வகுத்தது. மக்களோடு உறவு கொண்டுவிடக் கூடாது என்பதே அவ்விதியின் உட்கிடை. பஞ்ச காலத்தில் குத்தகை கட்ட இயலாத குடியானவனைக் குடிசையிலிருந்து வெளியேற்றும்போது, பக்கத்தில் துணை நின்றவை அவர்கள் ஏந்திய துப்பாக்கிகள். 1867இல் விடுதலைக் கிளர்ச்சி ஒன்றை ஒடுக்கியதற்குப் பரிசாக 'ராயல்' என்ற அடைமொழி கிடைத்தது. அரசியார் சூட்டிய பெயர் ராயல். மக்கள் சூட்டிய பெயர் பீலர். 1922இல் அந்தப் படை கலைக்கப்பட்டது.  பீலர் என்ற சொல்லோ வட அயர்லாந்தின் தெருக்களில் இன்றும் வழங்குகிறது!

இனி, பாபி பிறந்த கதைக்கு வருவோம். அதன் களம் இங்கிலாந்து. அங்கும் மக்கள் காவற்படையை மாலையிட்டு வரவேற்றுவிடவில்லை. 1819 ஆகஸ்டு 16ஆம் நாள் மான்செஸ்டர் நகரில் செயின்ட் பீட்டர் திடலில், ஏறத்தாழ 60,000 பேர் வாக்குரிமைச் சீர்திருத்தம் கேட்டுக் கூடினர். குதிரைப் படை வாளுருவிப் பாய்ந்தது. பதினைந்து பேருக்குக் குறையாமல் மாண்டனர், நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். நான்காண்டுகளுக்கு முன் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற நாடல்லவா? இப்போது பீட்டர் திடலில், வெறுங்கையராக வந்த மக்களை வென்றது! எனவே அந்தக் கொடுமைக்கு மக்கள் 'பீட்டர்லூ' எனப் பெயரிட்டனர். வீரப் பட்டத்தை வெட்கப் பட்டமாக மாற்றும் ஆற்றல் மக்களின் நாவுக்கு உண்டு.

உள்துறை அமைச்சரான பீல், 1829இல் லண்டனுக்கெனக் காவல் சட்டம் கொண்டுவந்தபோது மக்களுக்கு இந்த நினைவு ஆறவில்லை. அதை அறிந்தே அவர் புதிய படையை வகுத்தார். படைவீரனின் உடை சிவப்பு. ஆகவே காவலருக்கு நீலம். துப்பாக்கி இல்லை, குறுந்தடி உண்டு, அதுவும் சட்டையின் பின்வாலுக்குள் மறைந்திருக்கும். கழுத்துப்பட்டையில் எண் உண்டு. தவறு செய்தவன் இன்னான் என யாரும் குறித்துக்கொள்ளலாம். 1829 செப்டம்பர் 29ஆம் நாள் மாலை அவர்கள் முதன்முதலாக வீதிக்கு வந்தனர். எண் 1 பெற்றிருந்த காவலர், குடிபோதையின் காரணமாக அன்றே பணிநீக்கம் செய்யப்பட்டார் என்பது வரலாறு காட்டும் வேடிக்கை.

மக்கள் என்ன பெயர் சூட்டினர்? அங்கும் முதலில் பீலர்தான். இன்னொன்று 'வேகாத சிங்கி இறால்'. சிவப்புச் சட்டைப் படைவீரனைச் சிங்கி இறால் என்பது அந்நாளைய வழக்கு. அந்த இறால் பச்சையாக இருக்கையில் கருநீலம்; வெந்நீரில் இட்டால் சிவப்பு. நீலச் சட்டைக்காரன் என்பவன் இன்னும் வேகாத படைவீரன். கொஞ்சம் சூடு ஏறினால் அவனும் சிவந்துவிடுவான் என்பது கேலியின் கருத்து. எந்த நூலாசிரியர் இதைவிடச் சுருக்கமாக ஓர் அரசியல் எச்சரிக்கையை எழுதியிருக்கிறார்?

எச்சரிக்கை வீண்போகவில்லை. 1833இல் பாப்பே என்ற சார்ஜண்ட், தம்மை ஓவியர் எனக் கூறிக்கொண்டு சீர்திருத்தச் சங்கம் ஒன்றில் நுழைந்து, உறுப்பினர்களோடு பழகி உளவு பார்த்தது வெளிப்பட்டது. அதே ஆண்டு மே 13ஆம் நாள், கோல்டுபாத் திடலில் தொழிலாளர் கூட்டத்தைக் காவலர் தடியால் கலைத்தனர். அக்கலவரத்தில் கல்லி என்ற காவலர் குத்துண்டு இறந்தார். இறப்பு விசாரணைக்கு அமர்ந்த நடுவர்கள் சாதாரணக் கடைக்காரர்கள். கலைந்து போகுமாறு முறைப்படி அறிவிக்கவில்லை, காவலர் காட்டுமிராண்டித்தனமாக நடந்தனர் என்று கூறி, அந்தக் கொலையை 'நியாயப்படுத்தத்தக்கது' எனத் தீர்ப்பளித்தனர்! மேல் மன்றம் அத்தீர்ப்பைத் தள்ளிவிட்டது.

தோழர்களே, இறந்தவரும் கூலிக்கு உழைத்த ஓர் எளியவரே. அந்தச் சாவைக் கொண்டாட நான் இதைச் சொல்லவில்லை. நான்காண்டு வயதே ஆன காவற்படையை லண்டன் மக்கள் எவ்வளவு வெறுத்தனர் என்பதற்கு அது அளவுகோல். அந்த வெறுப்பிலிருந்து எழுந்து, 1840களில் 'பாபி' என்ற சொல் வழக்கில் வரத் தொடங்குகிறது. எப்படி?

அன்பு வானத்திலிருந்து பொழியவில்லை. பாப்பே விவகாரத்தை நாடாளுமன்றக் குழு விசாரித்தது; அவர் செயலைக் கண்டித்தது; அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். குடித்தவன், கை நீட்டியவன், கடமை தவறியவன் எனக் காவலர் பலர் தொடர்ந்து நீக்கப்பட்டனர். காவலர் துப்பாக்கியின்றி, ஒரே தெருவில், நாள்தோறும், நடந்தே சென்றனர். அவர் முகம் ஊருக்குத் தெரிந்தது. அவர் எண்ணும் தெரிந்தது. மக்கள் கேள்வி கேட்டனர்; மன்றம் கேள்வி கேட்டது; ஏடுகள் கேள்வி கேட்டன. கேட்கப்பட்ட இடத்தில் பாபி பிறந்தார். கேட்க முடியாத அயர்லாந்தில் பீலர் பீலராகவே நின்றார். இத்தனைக்கும் இரண்டுக்கும் மூலவர் ஒருவரே! மனிதர் நல்லவரா, கெட்டவரா என்பதன்று செய்தி. ஆளப்படுவோருக்குக் கேட்கும் உரிமை இருந்ததா என்பதே செய்தி.

இன்னொரு நுட்பத்தையும் கவனியுங்கள். பாபி என்ற சொல்லைக் காவலரின் எதிரிலேயே சொல்லலாம், அவர் சினக்கமாட்டார். அயர்லாந்தின் குடியானவன் பீலர் என்பதை முதுகுக்குப் பின்னேதான் சொல்ல முடியும். எதிரிலும் பின்னாலும் ஒரே பெயர் வழங்குமானால், அங்கே அச்சம் அகன்றது எனக் கொள்ளலாம். எதிரில் ஒரு பெயர், மறைவில் ஒரு பெயர் என்றிருக்குமானால், அங்கே ஆட்சி இன்னும் அன்னியமாக இருக்கிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். வெள்ளையர் இந்த மண்ணுக்கு எதைக் கொண்டுவந்தனர்? பாபியையா, பீலரையா?

1843இல் சிந்து நாட்டைக் கைப்பற்றிய சார்லஸ் நேப்பியர், அங்கே காவற்படை அமைக்க எடுத்துக்கொண்ட மாதிரி ஐரிஷ் கான்ஸ்டாபுலரி. சென்னை மாகாணத்திலோ அன்று வரி வசூலிக்கும் தாசில்தாரின் கையிலேயே காவல் அதிகாரமும் இருந்தது. விளைவு என்ன? சித்திரவதை பற்றி ஆராய அமைத்த ஆணையம் 1855இல் அறிக்கை தந்தது. வரி கட்டாத குடியானவனின் விரல்களைக் கட்டைகளுக்கிடையே வைத்து நெரிக்கும் 'கிட்டி' பற்றியும், உடலை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்துவது பற்றியும் அதில் காண்கிறோம். கிட்டி என்ற தமிழ்ச்சொல் ஆங்கில அரசின் ஆவணத்தில் ஏறியது இந்தக் கோலத்தில்! கார்ல் மார்க்ஸ் 1857இல் நியூயார்க் ஏடொன்றில் இந்த அறிக்கையை எடுத்துக்காட்டி எழுதினார்.

அறிக்கைக்குப் பின் 1859இல் சென்னைக்கெனக் காவல் சட்டம் வந்தது; 1861இல் இந்தியாவுக்கான காவல் சட்டம் வந்தது. வரியும் தடியும் ஒரே கையில் இருந்த நிலை மாறியது, அது முன்னேற்றமே. ஆனால் புதிய காவலர் யாருக்குப் பதில் சொன்னார்? மேலதிகாரிக்கு. மேலதிகாரி மாகாண அரசுக்கு. மாகாண அரசு லண்டனுக்கு. ஊர் மக்களுக்கு எவரும் பதில் சொல்லவில்லை. 1902இல் அமைத்த ஃபிரேசர் ஆணையமே, காவல்துறை ஊழல் மலிந்தது, ஒடுக்குவது என்று மக்களால் கருதப்படுகிறது எனக் கூற நேர்ந்தது. 1921இல் மலபாரில் மாப்பிள்ளைமார் கிளர்ச்சி எழுந்ததும், படைபோன்ற சிறப்புக் காவல் ஒன்றும் அங்கே அமைந்தது. தோழர்களே, நமக்கு வந்தவர் பாபியல்லர், பீலர்!

அதற்கேற்பவே நம் மக்கள் பெயர் சூட்டினர். 'டாணாக்காரன்' என்றனர், இந்துஸ்தானியில் காவல் நிலையத்துக்குத் தாணா என்பது பெயர். ஊர்க்காரன் என்னாமல், அந்தக் கட்டடத்துக்காரன் என்று விலக்கி வைத்த சொல் அது. எதிரில் நிற்கும்போது 'ஏட்டையா'. ஹெட் கான்ஸ்டபிள் என்பதன் தலையைக் கிள்ளி 'ஏட்டு' ஆக்கி, அச்சத்துக்கு ஓர் 'ஐயா'வைச் சேர்த்துக்கொண்டனர். சிறைக்கு 'மாமியார் வீடு' என்றொரு பெயர். அழைக்காமலே அழைத்துச் சென்று, உட்கார வைத்துச் சோறு போடும் இடமல்லவா! வழக்கமானது என்று பொருள்படும் அரபுச் சொல்லான 'மாமூல்', காவலருக்குக் கொடுக்கும் கையூட்டின் பெயராயிற்று. குற்றம் வழக்கமாகிவிட்டது என்பதை அந்த ஒரு சொல்லே ஒப்புக்கொள்கிறது.

இன்று சென்னை வீதியில், சந்தி முனையில் போக்குவரத்துக் காவலரைக் கண்டதும், வண்டியோட்டும் இளைஞன் பின்னாலிருப்பவனிடம் "மாமா நிற்கிறார்" என்று முணுமுணுக்கிறான். மாமா என்பது தாயுடன் பிறந்தவரை அழைக்கும் இனிய சொல். கொச்சை வழக்கில் தரகனைக் குறிக்கும் இழிசொல்லும் அதுவே. உறவா, வசையா என்று பிடிபடாமல் இருப்பதே அச்சொல்லின் தந்திரம். முணுமுணுத்த அதே இளைஞன், வண்டியை நிறுத்தியதும் "சார்" என்கிறான். எதிரில் ஒன்று, மறைவில் ஒன்று! 1947 வந்து, பதவியில் அமர்ந்தோர் மாறி, கொடி மாறிய பின்னும், இந்த இரட்டைப் பெயர் மாறவில்லை.

நல்ல பெயரைத் தாமே சூட்டிக்கொள்ளவும் முயன்று பார்த்தார்கள். 'காவல்துறை உங்கள் நண்பன்' என்ற வாசகத்தைப் பலகைகளில் கண்டிருப்பீர்கள். 1993இல் இராமநாதபுரத்தில் 'காவல்துறை நண்பர்கள்' என்ற திட்டமும் தொடங்கப்பட்டது. எண்ணம் நல்லதே. ஆனால் 2020 ஜூன் மாதம், ஊரடங்கு நாட்களில், சாத்தான்குளத்தில் கைதான தந்தையும் மகனும், காவலில் அடிபட்டு ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். நாடே பதறியது, வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குச் சென்றது, அந்த நண்பர்கள் அமைப்புக்கும் அடுத்த மாதமே தமிழக அரசு தடை விதித்தது. பலகையில் எழுதிய நண்பன் என்ற சொல், நிலையத்தின் உள்ளறையில் செல்லவில்லை. பெயரை முதலில் எழுதிவிட்டு நடத்தையைப் பிறகு தேடினால், முடிவு இதுதான்.

பாபியும் நிலைத்த சொத்தன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1910 நவம்பர் 18ஆம் நாள், வாக்குரிமை கேட்டு நாடாளுமன்றம் நோக்கிச் சென்ற பெண்களை லண்டன் காவலர் அடித்து இழிவுபடுத்தினர். 1981 ஏப்ரலில் பிரிக்ஸ்டனில், காரணமின்றி நிறுத்திச் சோதிக்கப்பட்ட கறுப்பின இளைஞர் வெகுண்டெழுந்தனர். 1993இல் கொலையுண்ட கறுப்பின இளைஞர் ஒருவரின் வழக்கை ஆராய்ந்த மெக்ஃபர்சன் அறிக்கை, லண்டன் காவல்துறையில் நிறவெறி நிறுவன அளவில் ஊறியிருக்கிறது என 1999இல் கூறியது. இன்று பாபி என்ற சொல்லைத் தேர்தல் மேடைகளில் மிகுதியாகக் கேட்கலாம். லண்டன் தெருவின் இளைஞரோ அமெரிக்காவிலிருந்து இரவல் வாங்கிய 'ஃபெட்ஸ்' என்ற சொல்லை வழங்குகின்றனர். நடத்தை போனால் பெயரும் போகும். மக்கள் கொடுத்ததை மக்கள் திரும்ப எடுத்துக்கொள்வர்.

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது யாது?

முதலாவது, கேட்கும் உரிமையை அறிதல். கைது செய்வோர் தம் பெயர் தெரியும்படி அணிந்திருக்க வேண்டும், கைதுக் குறிப்பில் சாட்சி கையொப்பமிட வேண்டும், உறவினருக்குச் செய்தி சொல்ல வேண்டும், மருத்துவ ஆய்வு நடத்த வேண்டும் என 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்சநீதிமன்றம் விதித்தது. 1829இல் லண்டன் காவலரின் கழுத்துப்பட்டையில் இருந்த எண்ணின் பொருளும் இதுதானே! இந்த விதிகளை நம் கிளைக்கழகங்களில் எத்தனை தோழர்கள் மனப்பாடமாகச் சொல்வர்? நள்ளிரவில் ஓர் ஏழைத் தாய், "என் மகனை அழைத்துப் போய்விட்டார்கள்" என்று கதவைத் தட்டினால், உடன் சென்று நிலையத்தில் நின்று, நாணாமலும் நடுங்காமலும் இவற்றைக் கேட்கத் தெரிய வேண்டும். கேட்பது குற்றமன்று, கேளாமை தீங்கு.

இரண்டாவது, அமைப்பை மாற்றுதல். 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் ஏழு கட்டளைகளைப் பிறப்பித்தது. காவலர்மீது மக்கள் தரும் புகார்களை விசாரிக்கத் தனி ஆணையங்கள் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. குற்றம் சாட்டப்பட்ட துறையே நடுவராகவும் அமர்வதைத் தடுக்கும் கட்டளை அது. அதை எழுத்தில் மட்டுமின்றி உயிரோடு நிறைவேற்று என எந்த ஆட்சியையும் கேட்க வேண்டும். எந்த ஆட்சியையும் என்று அழுத்திச் சொல்கிறேன். நம்மவர் ஆளும்போது பாபி என்றும், பிறர் ஆளும்போது பீலர் என்றும் நாம் பேசினால், நம் சொல்லுக்கு மதிப்பிராது.

மூன்றாவது, காக்கிச் சட்டைக்குள் இருப்பவனை மறவாதிருத்தல். அவனும் ஏழை வீட்டுப் பிள்ளை. தொழிற்சங்க உரிமை அவனுக்கு இல்லை. 1966ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கட்டுப்படுத்துகிறது. அதிகாரி வீட்டில் காய்கறி வாங்கவும் நாயை நடத்திச் செல்லவும் அவனை ஏவிய 'ஆர்டர்லி' முறை, 1979இல் ஆணையிட்டு ஒழிக்கப்பட்டது, ஒழிந்ததா? 2022இல் சென்னை உயர்நீதிமன்றம் அது நீடிப்பதைக் கண்டிக்க நேர்ந்தது. மேலே குனிந்து நிற்க வைக்கப்பட்டவன் கீழே நிமிர்ந்து அதட்டுகிறான். அவனுக்கு மதிப்பு கிடைத்தால்தான் அவனிடமிருந்து மதிப்பு கிடைக்கும்.

தோழர்களே! 'காவலர்' என்பது நம் மொழியின் பழஞ்சொல். மதுரைக்காஞ்சியில் மழை கொட்டும் நள்ளிரவிலும் உறங்காது ஊர் காப்பவர்களைக் காண்கிறோம். சிலப்பதிகாரத்திலோ, பொற்கொல்லனின் பேச்சை நம்பி, விசாரணையின்றிக் கோவலனை வெட்டிய காவலரைக் காண்கிறோம். இரண்டும் நம் நூல்களே, இரண்டும் காவலே. எது நிலைக்க வேண்டும் என்பதை முடிவு செய்ததும் அங்கே ஒரு கேள்விதான். சிலம்பைக் கையிலேந்தி அரசவைக்குச் சென்ற ஒரு பெண் கேட்ட கேள்வி!

அந்தக் கேள்வியை நாமும் ஓயாது கேட்போம். வண்டியோட்டும் இளைஞன், காவலரின் எதிரிலும் பின்னாலும் ஒரே பெயரை அச்சமின்றிச் சொல்லும் நாள் வரட்டும். அந்தப் பெயர் எதுவாக இருக்கும் என்று நாம் எழுதித் தர வேண்டியதில்லை. அதை மக்கள் சூட்டிக்கொள்வார்கள். அதற்குத் தகுதியான காவலை உண்டாக்குவது நம் பணி. அந்தப் பணியை உங்கள் ஊரின் காவல் நிலைய வாயிலிலிருந்தே தொடங்குங்கள் என வேண்டி அமைகிறேன்.